பாரிசிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு தூரம்? விமானத்தில் போக எவ்வளவு நேரம் ஆகும்?

வான்வழியில் சுமார் 340 கிலோமீட்டர். விமான அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். லண்டன் கடிகாரம் பாரிசுக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்பதால், காலை 9 மணிக்குக் கிளம்பினால் 9.15-க்கு லண்டன் என்று டிக்கெட் காட்டும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நீங்கள் பாரிசில் இருக்கிறீர்கள், சொந்தக்காரர்கள் லண்டனில் இருக்கிறார்கள், "ஒரு மணி நேர ஃபிளைட்டுதானே, ஒரு எட்டு வந்துட்டுப் போகக் கூடாதா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். இந்தக் கேள்வி வந்ததே அப்படித்தான் இருக்கும். வருஷக்கணக்காக எனக்கும் இதே பேச்சுதான்.

என் அக்கா கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். அம்மா புதுச்சேரியிலிருந்து எங்களிடம் வந்திருந்தபோது மாமாவே விமான டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார். விடிவதற்கு முன்பே கிளம்பி, ஆர்இஆர் பி என்கிற புறநகர் ரயிலில் ஷார்ல் தெகோல் விமான நிலையம் போனோம். அம்மாவின் வளையல் கழன்று வரவில்லை. தனியாக நிறுத்தி, கருவியைக் கைமேல் வைத்துச் சோதித்தார்கள். ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த மூட்டுவலித் தைலம் 100 மில்லிக்கு மேல் என்று குப்பைத் தொட்டிக்குப் போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

இறங்கியது லண்டனுக்கு வெளியே இருக்கும் லூட்டன் விமான நிலையத்தில். பாஸ்போர்ட் வரிசை முடித்து, மறுபடி ஒரு ரயில் பிடித்து, கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையம். பாரிசின் கார் து நோர் ஸ்டேஷனில் லண்டன் போகும் யூரோஸ்டார் ரயில் ஏறியிருந்தால் 2 மணி 20 நிமிடத்தில் நேராக வந்து இறங்கியிருக்கும் அதே ஸ்டேஷன்! அக்கா வீட்டில் சாப்பிட உட்காரும்போது மதியம் தாண்டிவிட்டது.

அடுத்த முறை அம்மாவை நானே ரயிலில் அழைத்துப் போனேன். பிரான்ஸ், பிரிட்டன் இரண்டு குடிவரவுச் சோதனையும் கார் து நோர் மாடியிலேயே முடிந்துவிடும். தைலத்துக்கு 100 மில்லி கணக்கெல்லாம் கிடையாது. கடலுக்கடியில் போகும் 50 கிலோமீட்டர் சுரங்கத்தை இருபது நிமிடத்தில் தாண்டிவிடும். அம்மா அதற்குள் தூங்கிவிட்டார். செயின்ட் பாங்க்ராசில் இறங்கி ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் மெட்ரோ ரயில் ஏறினால் ஈஸ்ட் ஹாமுக்கு மாறாமல் போகலாம்.

விமானமே கூடாது என்று சொல்லவில்லை. மேற்கு லண்டனில் ஹவுன்ஸ்லோ, சவுத்ஹால் பக்கம் போகிறவர்களுக்கு ஹீத்ரோ விமான நிலையம்தான் வசதி. ரயில் டிக்கெட் விலை அதிகம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். கடைசி வாரத்தில் எடுத்தால் அதிகம்தான், முன்கூட்டி எடுத்தால் கட்டுப்படியாகும்.

ஆனால் முன்கூட்டி எடுக்க விடுகிறார்களா? கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் கடைசி நேரத்தில் வருகிறது. மண்டபம் மாதக்கணக்குக்கு முன்னால் பேசியாகிவிட்டது, சொந்தத் தங்கைக்குத் தேதி சொல்ல மட்டும் நேரமில்லை. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு பிரான்ஸ் வர எடுத்த ஷெங்கன் விசா போதாது, பிரிட்டன் விசா தனியாக எடுக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பது லண்டனிலேயே இருப்பவர்களுக்குத் தெரியாதா?

உங்களைக் கூப்பிடுகிறவர்களிடம் முதலில் தேதியைக் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே விசாவுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.