அப்பாவுக்கு மடி இல்ல – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,

மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து எழுதுறேன். அப்பாவுக்கு 63 வயசு, ரொம்ப வருசமா சுகர். ரப்பர் பால் வெட்டுக்கு போயிட்டிருந்தவரு, கால்ல ஒரு புண்ணு வந்து லேசுல ஆறல, அதோட வேலையும் நின்னுச்சு. இப்போ முக்குக்கு சாயா குடிக்க கூட போறதில்ல, ராத்திரி உறக்கமில்ல, மாத்திரை நாம எடுத்துக் குடுத்தாதான் உண்டு. மாமா வந்தா "மடி பிடிச்சு கெடக்கான்"னு, சோம்பேறித்தனம்னு சொல்லிட்டு போறாரு. மனசு சரியில்லேன்னா ஹார்ட்டும் கெடும்னு ஒரு நர்ஸ் சொன்னாங்க. உள்ளதா அண்ணா?

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க)

மக்களே,

நர்ஸ் சொன்னது உள்ளதுதான். நான் டாக்டர் இல்ல, வாசிச்சதையும் சுத்தி பாத்ததையும் வச்சு சொல்லுதேன். சுகர் உள்ளவங்களுக்கு மனச்சோர்வு வர வாய்ப்பு மத்தவங்கள விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு பல ஆய்வுகள சேர்த்து வச்சு பாத்து 2001லயே சொல்லிட்டாங்க, ரெண்டும் சேர்ந்து இருந்தா ஹார்ட் நோயும் அதனால வர்ற சாவும் கூடுது. மனசு இடிஞ்சு கெடக்கும்போது கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் ஏறும், அது சுகரை ஏத்தும், ரத்தக்குழாய்ல அழற்சி வரும், ரத்தம் எளுப்பமா கட்டிக்கும். நம்ம பக்கத்து கொட்டாரக்கரைல பொறந்த டாக்டர் சலீம் யூசுப் 52 நாட்டு ஆட்கள வச்சு நடத்தின இன்டர்ஹார்ட் ஆய்வு 2004ல வந்துச்சு, ஹார்ட் அட்டாக்குக்கான ஒம்பது முக்கிய காரணங்கள்ல சிகரெட், பிரஷர், சுகர் கூட மன அழுத்தமும் இருக்கு.

ஆனா எனக்கு கார்ட்டிசாலை விட பெருசா தெரியுறது அப்பாவோட மாத்திரை அட்டைதான். அதை எடுத்து பாருங்க, எத்தன குழி பொட்டாம இருக்கு? சோர்ந்தவருக்கு மாத்திரை மறக்கும், நடக்க தோணாது, பாதத்தை குனிஞ்சு பாக்க தோணாது, கெழங்கையும் மீனையும் நேரங்கெட்ட நேரத்துல தின்னுட்டு படுத்துருவாரு. இதை மடின்னு சொல்ற மாமாகிட்ட சண்டைக்கு போவாண்டாம், ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக பைக் எடுக்க சொல்லுங்க.

போனதும் மொதல்ல ஈ.சி.ஜி. ரொம்ப நாள் சுகர் இருந்தா நரம்பு கெட்டு நெஞ்சுவலியே இல்லாம அட்டாக் வரலாம், வெறும் தளர்ச்சி, மூச்சுமுட்டு, வேர்வைன்னு மட்டும் காட்டும். அதனால எல்லாத்தையும் மனசு மேல போட்டுட்டு இருக்கவும் கூடாது. திடீர்னு இப்படி வந்தா அடுத்த நாளைக்குன்னு வைக்காம 108 கூப்பிடணும். தைராய்டும் பி12 வைட்டமினும் பாக்க சொல்லுங்க, சுகருக்கு குடுக்குற மெட்பார்மின் மாத்திரைய வருசக்கணக்குல தின்னா பி12 கொறயும், அதுவும் ஆளை இப்படித்தான் போடும்.

அதுல ஒண்ணும் இல்லேன்னா, ஏன் இருந்தாலுந்தான், மனநல டாக்டரையும் பாருங்க. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல அதுக்கு ஓ.பி. இருக்கு. ஊர்ல யாராவது வட்டு, கிறுக்குன்னு பேசுவாங்க, பேசட்டும், நம்ம ஊரு கல்யாணத்துக்கு போனாலும் பேசுற ஊருதான். சாகணும்ங்கிற மாதிரி அப்பா வாய்ல வந்துச்சுன்னா காத்திருக்காம டெலி மானஸ்ங்கிற மனநல உதவி நம்பர் 14416க்கு போன் போடுங்க, தமிழ்லயே பேசலாம்.

ஒரு விசயம் மறைக்காம சொல்லிடுதேன். அட்டாக் வந்த 2,481 பேர்ல பாதிப்பேருக்கு மனசுக்கும் சிகிச்சை குடுத்து பாத்த அமெரிக்க ஆய்வு ஒண்ணு 2003ல வந்துச்சு, மனசு கொஞ்சம் தேறிச்சு, ஆனா சாவு எண்ணிக்கையோ மறுபடி அட்டாக்கோ கொறயல. அப்போ ஹார்ட்டை காப்பாத்துற மந்திரம்னு இதை நெனச்சு போகாண்டாம். அப்பா உறங்கணும், முக்குக்கு நடந்து போகணும், மாத்திரைய தானா எடுத்து முழுங்கணும், அதுக்கே போகலாம்.

இருக்க மருந்து சீட்டு எல்லாத்தையும் கொண்டு போங்க, மனச்சோர்வுக்கு குடுக்குற பழைய காலத்து சில மாத்திரை ஹார்ட்டுக்கு ஆகாது. மனசுக்கு மாத்திரை புதுசா எழுதினா பத்து நாள்ல ஒண்ணும் தெரியலேன்னு நிறுத்தாதீங்க, வாரக்கணக்குல ஆகும். இன்சுலின் போடுறவருன்னா மொத சில வாரம் சுகரை அடிக்கடி பாருங்க, சில மாத்திரைல அது எறங்கலாம்.