ஆவி பட்ட கை

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவம் படிக்கிறேன். நீங்கள் முன்பு இயற்பியல் ஆசிரியராக இருந்தவர் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் படித்தேன், அதனால் எழுதுகிறேன். அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் எனக்கு 47 புள்ளி. நோட்டை நான்கு முறை முழுதாகப் படித்துவிட்டுத்தான் போனேன். சூத்திரம் எல்லாம் மனப்பாடம். டீச்சர் சொல்லும்போது புரிகிறது, தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுத வரவில்லை. ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் இப்படியோ என்று அம்மா கவலைப்படுகிறார். அப்பா செம்பனை வெட்டுக்குப் போகிறார். ஈப்போவுக்கு டியூஷன் அனுப்ப வசதியில்லை. ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம்முக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஏ எடுக்க முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

அம்மாவிடம் முதலில் சொல்லிவிடு, தமிழ்ப்பள்ளிமேல் பழி போட வேண்டாம். நானும் அங்கிருந்து வந்தவன்தான். டீச்சர் சொல்லும்போது புரிகிறது என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, புரிந்ததைப் புள்ளி கிடைக்கும்படி எழுதுவது. அதை நோட்டைப் படித்துப் பழக முடியாது. நான்கு முறை படித்தபோது உன் கண்தான் உழைத்தது, பேனா சும்மா இருந்தது.

என் கதையைச் சொல்கிறேன். என் சித்தப்பா ஒரு எண்ணெய் மில்லில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். செம்பனைக் குலைகள் மில்லுக்குள் வந்ததும் முதலில் நீராவியில் வேகவைப்பார்கள். சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல மூன்று நான்கு மடங்கு அழுத்தம், 130 பாகை செல்சியஸைத் தாண்டும் சூடு. வெந்தால்தான் பழம் குலையிலிருந்து உதிரும், எண்ணெயும் கெடாது. ஒருநாள் ஏதோ ஒரு வால்வு கசிந்து சித்தப்பாவின் முன்கையில் ஆவி அடித்துவிட்டது. அந்தத் தழும்பைப் பார்த்தே வளர்ந்தவன் நான். “கொதிதண்ணி பட்டா கொப்புளம், ஆவி பட்டா சதையே போச்சுடா” என்பார்.

1986-ல் டிரையல் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: 100 பாகையில் உள்ள நீராவி, அதே 100 பாகையில் உள்ள கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடுவது ஏன்? எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம வீட்டுக் கேள்வி! “நீராவி தண்ணீரைவிட மிகவும் சூடானது, ஆகவே தோலை அதிகம் பாதிக்கும்” என்று மலாயில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன். பூஜ்யம். இரண்டுமே 100 பாகை என்று கேள்வியே சொல்லியிருக்கிறது, நான் அதையே மறுத்து எழுதியிருக்கிறேன்! சித்தப்பாவின் கையைப் பத்து வருஷம் பார்த்தவனுக்குப் பூஜ்யம் என்று அன்றைக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆசிரியரான பிறகு அந்த விடையை நான் திருத்தியிருந்தாலும் பூஜ்யம்தான் போட்டிருப்பேன்.

எழுத வேண்டியது இதுதான். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. நீராவி தோலில் பட்டதும் நீராக மாறுகிறது. மாறும்போது உள்ளுறை வெப்பத்தை, மலாய்த் தாளில் வரும் ‘ஹாபா பெண்டாம்’, வெளிவிடுகிறது. அந்த நீர் மேலும் குளிரும்போது கொதிநீரைப் போலவே இன்னும் கொஞ்சம் வெப்பம் தருகிறது. ஆகவே தோலுக்குப் போகும் மொத்த வெப்பம் நீராவியில் அதிகம். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு படி, ஒரு படியை விட்டாலும் அதற்குரிய புள்ளி போகும்.

கணக்கும் போட்டுப் பார். ஒரு கிராம் கொதிநீர் 100-லிருந்து உடம்புச் சூடான 37-க்கு இறங்கினால், ஒரு பாகைக்கு 4.2 ஜூல் என்ற கணக்கில் 4.2-ஐ 63-ஆல் பெருக்கி ஏறத்தாழ 265 ஜூல். ஒரு கிராம் நீராவி வெறுமனே நீராக மாறுவதற்கே 2260 ஜூலைக் கொட்டுகிறது, அப்புறம்தான் அந்த 265. கூட்டினால் ஒன்பதரை மடங்கு. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுவிட்டால் உள்ளுறை வெப்பத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

அதனால் உனக்கு நான் சொல்லும் வேலை ஒன்றுதான். தினமும் ஒரு கேள்வி எடு. நோட்டை மூடு. விடையை முதலில் தமிழில் வாயால் சொல், அம்மாவுக்கோ தம்பிக்கோ. அவர்கள் “ஏன்?” என்று கேட்கும் இடத்தில் நீ திக்கினால் அங்கேதான் ஓட்டை. பிறகு அதையே தேர்வு மொழியில் பேனாவால் எழுது. எஸ்பிஎம் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வரும், எதில் வேண்டுமானாலும் எழுதலாம். பள்ளியில் எந்த மொழியில் படிக்கிறாயோ அதையே பிடித்துக்கொள். கடைசியாக விடைத் திட்டத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன சொல்லைச் சிவப்பில் எழுது. ஒரு வாரம் கழித்து அதே கேள்வியைத் திரும்ப எழுது. அந்த ஒரு வார இடைவெளி முக்கியம். மறுநாளே எழுதினால் ஞாபகம்தான் எழுதும்.

கேள்வியின் ஏவல் சொல்லையும் பார். ‘ஞாதாகான்’ (கூறு) என்றால் ஒரு வரி போதும். ‘தெராங்கான்’ (விளக்கு) என்றால் காரணம் வேண்டும். ‘பண்டிங்கான்’ (ஒப்பிடு) என்றால் இரண்டு பக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எது அதிகம், எது குறைவு என்று சொல்ல வேண்டும். இரண்டு படங்களில் முதல் படத்தைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போகிற பிள்ளைகள் ஏராளம்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்தாயே, அது தாளின் முன்பக்கத்திலேயே அச்சிட்டு வரும். எந்த எழுத்து எதைக் குறிக்கிறது, அதன் அலகு என்ன என்பதைப் படி. கிராமைக் கிலோகிராமாக மாற்றாமல் போட்ட கணக்குகளை நான் மூட்டை மூட்டையாகத் திருத்தியிருக்கிறேன்.

நேரத்தைப் பார்ப்போம். முதல் தாள் 40 கேள்வி, ஒன்றேகால் மணி நேரம், சிரமமில்லை. இரண்டாம் தாள் 100 புள்ளி, இரண்டரை மணி நேரம். புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். ஏ பகுதி 60 புள்ளி, அதற்கு ஒன்றரை மணி நேரம்தான். மீதி ஒரு மணி நேரம் பி, சி இரண்டுக்கும், தலா 20 புள்ளி. ஏ பகுதியில் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டுக் கடைசிக் கேள்விக்கு முக்கால் பக்கம் எழுதும் பிள்ளைகளுக்குத்தான் ஏ தரம் கைநழுவுகிறது. கருவியின் வடிவத்தை மாற்றச் சொல்லும் கேள்வியிலும், அட்டவணையிலிருந்து பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியிலும் மாற்றத்தைச் சொல்லிவிட்டுக் காரணத்தை விட்டால் பாதிப் புள்ளிதான்.

மூன்றாம் தாள் செய்முறை. இதற்கு வீட்டில் ஒன்றும் படிக்க முடியாது. டீச்சரிடம் கேட்டு ஆய்வகத்தில் மைக்ரோமீட்டரையும் வோல்ட்மீட்டரையும் கையில் எடுத்துப் பழகு.

ஐந்தாம் படிவத்தின் கடைசி இரண்டு பாடங்கள், அணுக்கருவும் குவாண்டமும், பல பள்ளிகளில் அவசரமாக ஓடும். பெயரைக் கேட்டே பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு ஏற்ற பாடங்கள் அவைதான் என்று படுகிறது. சூத்திரம் கொஞ்சம், கேள்வியும் பெரும்பாலும் நேரடி. உலோகத்தின்மேல் விழுந்து எலெக்ட்ரான்களை வெளியேற்றும் ஒளியின் செறிவைக் கூட்டினால், வெளிவரும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடும், ஆனால் ஒவ்வொன்றின் ஆற்றலும் கூடாது, அதற்கு அதிர்வெண் கூட வேண்டும். இது ஐன்ஸ்டீன் 1905-ல் விளக்கியது. இதை உன் வார்த்தையில் சொல்ல முடிந்தால் அந்தப் பாடத்தில் பயப்பட வேறு எதுவும் இல்லை.

ஏ கிடைக்குமா என்று கேட்டாய். 47-லிருந்து நான்கு மாதத்தில் அங்கே போனவர்களை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன், போகாதவர்களையும் பார்த்திருக்கிறேன். உன் அரையாண்டுத் தாளை எடுத்து, இழந்த 53 புள்ளியில் எத்தனை தெரியாமல் போனது, எத்தனை தெரிந்தும் எழுதாமல் போனது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுது. இரண்டாவது பத்தி நீளமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இன்று மாலையே தொடங்கு. அப்பா ஏறி வரும் செம்பனை லாரி திடீரென்று பிரேக் போட்டால் மேலே கிடக்கும் உதிரிப் பழங்கள் ஏன் முன்னால் பறக்கின்றன? அப்பாவிடம் தமிழில் சொல்லிப் பார், பிறகு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. ‘இனெர்சியா (சடத்துவம்) தள்ளுகிறது’ என்று மட்டும் எழுதிவிடாதே. அது ஒரு விசை இல்லை, பூஜ்யம் போடுவேன்.