மாந்தோப்பு உளுந்துக்கு ரைசோபியம்: டிரம்மில் கரைக்க வேண்டாம்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இரண்டு ஏக்கரில் மாங்கன்று வைத்து மூன்று வருடம் ஆகிறது. நடுவில் ஆடிப்பட்டத்தில் உளுந்து போடுகிறோம். போன வருடம் ரைசோபியம் கலந்து விதைத்தும், செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சே இல்லை. இந்த முறை ஒரு ஏஜெண்ட், ரைசோபியம், அசோஸ்பைரில்லம், டிஏபி மூன்றையும் ஒரே டிரம்மில் கரைத்துச் சொட்டுநீரில் விடச் சொல்கிறார். மாங்கன்றுக்குக் கெடுதல் வருமா ஐயா?

பதில்: மாங்கன்றுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அந்த டிரம் வேண்டவே வேண்டாம். உங்கள் சொட்டுநீர் விழுவது மாங்கன்றின் அடியில். உளுந்து நிற்பது வரிசைக்கு நடுவில். ரைசோபியம் என்பது பயறு வகைச் செடியின் வேரில் முடிச்சுக் கட்டித் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர். மாமர வேரில் அதற்கு வேலை கிடையாது. டிஏபி உரம் கரைத்த உப்புத் தண்ணீரில் அது பிழைக்கவும் செய்யாது. அசோஸ்பைரில்லமும் ஒரு நுண்ணுயிர்தான், ஆனால் நெல், சோளம், கேழ்வரகு போன்றவற்றுக்கு உரியது, உளுந்துக்குத் தேவையில்லை. மூன்று சரக்கை ஒரே பில்லில் தள்ளிவிடுவதற்கு வந்த யோசனை இது. வருடா வருடம் யாராவது ஒருவர் இதில் பணத்தை விட்டுவிட்டு எனக்கு எழுதுகிறார்.

போன வருடம் முடிச்சு இல்லை என்பதையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். காய்ந்த மண்ணில் செடியைப் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். விதைத்த 25, 30 நாளில், ஈரம் இருக்கும்போது மண்வெட்டியால் வேரோடு மண்ணைப் பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. தேய்த்தாலும் உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழு. இரண்டும் வேறு வேறு.

அலசிப் பார்த்தும் இல்லையென்றால், பெரும்பாலும் பாக்கெட்டில்தான் கோளாறு. 2006 முதல் ரைசோபியம் போன்ற உயிர் உரங்களும் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்துவிட்டன. தூள் வடிவில் ஒரு கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் ஒரு மில்லிக்கு 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர் இருக்க வேண்டும். தயாரிக்கும் இடத்தில் அது இருக்கலாம். கடையில் யூரியா மூட்டை மேல், தகர ஷெட்டின் அடியில் இரண்டு மாதம் கிடந்த பிறகு எவ்வளவு மிஞ்சும்? நான் பார்த்த ஒரு கிடங்கில் ஆடி விதைப்பு முடிந்து புரட்டாசியில்தான் பாக்கெட் வந்து இறங்கியது. அதையே அடுத்த பட்டத்துக்குக் கொடுத்தார்கள். கேட்டால் மேலிருந்து வந்த தேதி அப்படி என்கிறார்கள். விதைப்புத் தேதி தெரிந்த விவசாயி எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஆனி மாதமே வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ சொல்லி வையுங்கள். பயிர்ப் பெயர், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி மூன்றும் அச்சாகியிருந்தால்தான் வாங்குங்கள். பெயரில்லாத கேனில் வருவது எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

அளவு சுலபம். 200 கிராம் பாக்கெட்டில் ரைசோபியம் மூன்று, மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா மூன்று. இது ஒரு ஹெக்டேர் கணக்கு, உங்கள் இரண்டு ஏக்கருக்குத் தாராளம். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதையுங்கள். டிஏபியைத் தனியாக அடியுரமாகப் போடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி முடிச்சு கட்டாது.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு, அதை நிதானமாகப் படியுங்கள். வாங்கும் விதை சிவப்பாகவோ ரோஸ் நிறமாகவோ இருந்தால், அதில் ஏற்கெனவே பூஞ்சாணக்கொல்லி பூசியிருக்கிறது. நீங்களே வீட்டில் பூஞ்சாணக்கொல்லி கலந்தால் 24 மணி நேரம் கழித்து ரைசோபியம் கலக்கலாம் என்பது வழக்கமான பரிந்துரை. ஆனால் கம்பெனி பூசிய விதையில் என்ன மருந்து, எவ்வளவு என்று உங்களால் பார்த்து அறிய முடியாது. கழுவவும் வேண்டாம், விதைத்தோல் கிழியும், அந்த விஷத் தண்ணீர் கையிலும் படும். அந்த விதையை அப்படியே விதையுங்கள். ரைசோபியத்தை மண்ணில் கொடுங்கள். உங்கள் இரண்டு ஏக்கருக்கு ரைசோபியமும் பாஸ்போபாக்டீரியாவும் தலைக்கு 8 பாக்கெட் எடுத்து, 20 கிலோ மக்கிய தொழுவுரம், 20 கிலோ மண்ணோடு கலந்து, சாயங்காலம் ஈரக் கொல்லையில் விதைச் சாலில் தூவுங்கள். மாங்கன்றுப் பாத்தியில் போடாதீர்கள்.

உளுந்தையும் அந்தப் பாத்திக்கு வெளியேதான் விதைக்க வேண்டும், தண்டிலிருந்து மூன்றடியாவது தள்ளி. உளுந்துச் செடி நிற்கும்போது மாங்கன்றுக்கு நேராகச் சத்து போவதில்லை. வேரும் தழையும் மக்கினால்தான் போகும். அதனால் காய் பறித்த பிறகு செடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து, தழையைக் கன்றைச் சுற்றி, தண்டில் படாமல் மூடாக்காகப் போடுங்கள். வேர் மண்ணிலேயே இருக்கட்டும். ஆடியில் விதைத்த உளுந்து புரட்டாசியில் முடிந்துவிடும். அதன் பிறகு மாட்டுத் தீவனமாகத் தழையைக் கேட்டு வருபவர்களுக்குப் பாதிக்கு மேல் கொடுத்துவிடாதீர்கள்.