கேளுங்க, சொல்றேன்: மாப்பிள்ளைக்கு ஒரு லைன், மாமனாருக்கு ஒரு லைன்

கேள்வி: என் மாப்பிள்ளை அமெரிக்க நேவில இருக்கார், சான் டியேகோல. போன தடவ நாங்க எல்லாரும் சேந்து வாஷிங்டன் போனப்ப செக்யூரிட்டில அவர் ஷூவோட, லேப்டாப் பைக்குள்ளயே இருக்க, ரெண்டு நிமிஷத்துல போயிட்டார். பேரனையும் அவரோடயே விட்டாங்க. பொண்ணு, நான், வீட்டுக்காரம்மா மூணு பேரும் நீள க்யூல. மிலிட்டரி குடும்பத்துக்கும் சலுகைனு நியூஸ்ல வந்துச்சே, அது பொய்யா? - ஒரு வாசகர், மதுரை

பொய் இல்லீங்க, ஆனா "குடும்பம்"னு நாம நினைக்கிறது வேற, அவங்க கணக்கு வேற. மாமனார் மாமியார் வரைக்கும் அது நீளாது.

மொதல்ல கதைய சொல்லிடறேன். 2012 ஜனவரில ஒபாமா கையெழுத்து போட்ட ஒரு சட்டம் இருக்கு. யூனிஃபார்ம்ல, அரசாங்க உத்தரவுல பயணம் போற ராணுவத்தினரையும் முடிஞ்ச வரைக்கும் அவங்க கூட வர்ற குடும்பத்தையும் சீக்கிரம் அனுப்ப ஒரு வழி பண்ணுங்கன்னு டிஎஸ்ஏவுக்கு சொன்னது. ஏர்போர்ட்ல ட்ரேய தள்ளிவிட்டு "லேப்டாப்பை வெளிய எடுங்க"னு சொல்றாங்களே, அந்த டிபார்ட்மெண்ட் தான் டிஎஸ்ஏ. ஆனா நடைமுறைல யூனிஃபார்ம் எல்லாம் பின்னாடி போயிடுச்சு. 2013 டிசம்பர்ல இருந்து மேட்டர் ஒரே ஒரு நம்பர்ல நிக்குது. மாப்பிள்ளையோட மிலிட்டரி ஐடி கார்டு பின்னாடி 10 இலக்க நம்பர் இருக்கும், டிக்கெட் போடும்போது நோன் டிராவலர் நம்பர்னு (Known Traveler Number) ஒரு கட்டம் வரும்ல, அதுல இத போட்டா போதும், அவருக்கு பிரீசெக் லைன், அதாவது ஷூ, லேப்டாப் எல்லாம் எடுக்காம சீக்கிரம் போற தனி லைன், காசு கிடையாது. லீவுல டீஷர்ட் போட்டுட்டு போனாலும் செல்லும். யூனிஃபார்ம்ல வெறைப்பா வந்து நின்னு நம்பர் போடலைன்னா செல்லாது. நிறைய பேரு இத மாத்தி புரிஞ்சு வச்சிருக்காங்க.

ஏன் அப்படின்னா, அவர வேலைக்கு எடுக்கும்போதே பின்புலம் எல்லாம் அலசிட்டாங்க, யாருன்னு தெரிஞ்ச ஆள மறுபடி அலசறதுல நேரம் வீண், அவ்ளோதான் லாஜிக். உங்களையும் என்னையும் யாரும் அப்படி அலசல, அதனால நாம பெல்ட்ட கழட்டிட்டு பேண்ட்ட ஒரு கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறோம்.

பேரன் எப்படி போனான்? 12 வயசும் அதுக்கு கீழயும் இருந்தா பிரீசெக் இருக்கிற அப்பா இல்ல அம்மா கூட அந்த லைன்லயே போகலாம். 13ல இருந்து 17 வரைக்கும்னா ஒரே புக்கிங்ல இருக்கணும், பையனோட போர்டிங் பாஸ்லயும் பிரீசெக்னு அச்சாகி இருக்கணும்.

பொண்ணு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இங்க உங்களுக்கு நிஜமாவே லாபம் இருக்கு. மனைவிக்கு தானா கிடைக்காது, தனியா அப்ளை பண்ணணும், கைரேகை குடுக்கணும், சுமார் 80 டாலர், 5 வருஷத்துக்கு. நீங்க நியூஸ்ல படிச்சது 2025 ஜூலை அறிவிப்பா இருக்கும். அதுல ராணுவத்தினரோட கணவன் மனைவிக்கு 25 டாலர் தள்ளுபடி, பணியில உயிர விட்டவங்களோட குடும்பத்துக்கு முழுசா இலவசம், மிலிட்டரி பேஸ் பக்கத்துல இருக்கிற சில ஏர்போர்ட்ல தனி லைனும் உண்டு. பொண்ணுக்கு கிரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ இருந்தா உடனே போட சொல்லுங்க. விசிட்டர் விசால போற உங்களுக்கு பிரீசெக் அப்ளை பண்ண முடியாது. ஆனா அதே மாசம் ஷூ கழட்டற ரூல எல்லாருக்குமே எடுத்துட்டாங்க, அதனால அடுத்த தடவ உங்க வீட்டம்மா குனிஞ்சு சாண்டல் கழட்ட வேண்டியதில்ல, அது பெரிய நிம்மதி.

இன்னொண்ணு, பருப்புப் பொடி டப்பா 350 மில்லிக்கு மேல இருந்தா கைப்பைல வைக்காதீங்க, செக் இன்ல போட்ருங்க. எந்த லைனா இருந்தாலும் பொடிய தனியா எடுத்து பாக்க வாய்ப்பு இருக்கு.

கேள்வி: என் பையன் டெக்சாஸ்ல நேஷனல் கார்டுங்கற (National Guard) பகுதிநேர ராணுவத்துல இருக்கான். அவனுக்கும் அந்த மிலிட்டரி ஐடி நம்பர் இருக்கு, போட்டும் பாத்தான், ஒரு தடவ கூட பிரீசெக் வரல. ரிசர்வ் ஆளுங்களுக்கு கிடையாதா? - அம்மா ஒருத்தர், கோயம்புத்தூர்

உண்டும்மா. நேஷனல் கார்டு, ரிசர்வ், கோஸ்ட் கார்டு எல்லாருக்கும் உண்டு. என் சந்தேகம் பேர் மேல. நம்ம ஊரு பேரு அமெரிக்கால படற பாடு தெரியும்ல. பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேம் ஆயிடும், ராணுவ ரெக்கார்ட்ல முழுப்பேரும் ஒட்டி ஒரே வார்த்தையா இருக்கும், ஏர்லைன் அக்கவுண்ட்ல இனிஷியல் மட்டும் இருக்கும். மூணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகலைன்னா சிஸ்டம் சத்தமில்லாம சாதாரண லைன்ல தள்ளிடும், ஏன்னும் சொல்லாது. எனக்கு தெரிஞ்ச ஒரு பையன் ரெண்டு வருஷம் இப்படியே அலைஞ்சான், கடைசில பாத்தா புக்கிங்ல பொறந்த தேதியும் மாசமும் மாறி இருந்துச்சு, நம்ம ஊரு வழக்கப்படி தேதிய முன்னாடி போட்டுட்டான்!

எல்லாம் சரியா இருந்தும் எப்பவாவது ஒரு தடவ வராம போகும், அத அவங்களே வேணும்னு தான் வச்சிருக்காங்க.

 

கேள்வி: எங்க வீட்ல அவர் இந்திய ராணுவம். நம்ம ஏர்போர்ட்ல ஏன் இப்படி ஒரு லைன் இல்ல? - வாசகி, வேலூர்

நியாயமான கேள்வி, அதுவும் ராணுவத்துக்கு வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பற மாவட்டத்துல இருந்து வருது. இங்க 1999 காந்தகார் விமானக் கடத்தலுக்கு அப்புறம் ஏர்போர்ட் காவல் ஒண்ணொண்ணா சிஐஎஸ்எஃப், அதாவது மத்திய தொழில் பாதுகாப்புப் படை கைக்கு போச்சு. சோதனையே வேண்டாம்னு ஒரு விஐபி பட்டியல் இருக்கு, அதுல முப்படைத் தளபதிங்க வருவாங்க, லடாக்ல லே போஸ்டிங் முடிச்சு லீவுல வர்ற ஹவில்தார் வரமாட்டார். அவரும் கைய விரிச்சு நிக்கணும். சில ஏர்லைன்ல டிபென்ஸ் கட்டணம், கூடுதல் லக்கேஜ் தர்றாங்க, அத கேட்டு வாங்குங்க. முகத்த வச்சே அடையாளம் பாக்கற டிஜி யாத்ரா ஆப், வாசல்ல ஐடி காட்டற வேலைய மிச்சம் பண்ணும், உள்ள தடவிப் பாக்கறத மிச்சம் பண்ணாது. என்னைக் கேட்டா, பட்டியல கொஞ்சம் சுருக்கிட்டு குழந்தையோட வர்ற ஜவான் குடும்பத்துக்கு ஒரு லைன் குடுக்கலாம்.

கேள்வி: தம்பி வெளிநாட்டு டியூட்டிக்கு கிளம்பறான். அமெரிக்கால கேட் வரைக்கும் போய் வழியனுப்ப முடியுமா? - நியூஜெர்சி வாசகி

முடியும். ஏர்லைன் கவுண்டர்ல அவன் ஐடியும் உங்க ஐடியும் காட்டி எஸ்கார்ட் பாஸ், அதாவது டிக்கெட் இல்லாதவங்கள கேட் வரைக்கும் விடற சீட்டு கேளுங்க, குடுக்கறதும் குடுக்காததும் ஏர்லைன் இஷ்டம், பெரும்பாலும் மிலிட்டரி குடும்பம்னா குடுப்பாங்க. நீங்களும் செக்யூரிட்டி க்யூல நின்னு தான் போகணும், அதனால ஒரு மணி நேரம் முன்கூட்டியே போங்க. திரும்பி வர்றப்பவும் இதே மாதிரி பாஸ் வாங்கி கேட்லயே போய் நிக்கலாம், இத நிறைய பேரு கேக்கறதே இல்ல.