ஜின் பிடித்த தம்பி

அன்புள்ள ஆசிரியருக்கு,

தோஹாவில் வேலை பார்க்கிறேன். என் அறையில் இருக்கும் எகிப்திய நண்பரின் தம்பிக்குக் கடுமையான மனநோய். ஜின் பிடித்திருக்கிறது என்று ஊரில் ஒரு ஷேக்கிடம் ஓதிப் பார்க்கிறார்களாம். அரபு நாடுகளில் மனநல மருத்துவம் வேர்பிடிக்காததற்கு இந்த நம்பிக்கைதானே காரணம்?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

வேர்பிடிக்கவில்லை என்பதே சரியில்லை. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-ல் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. ஆனால் உங்கள் கேள்விக்கு நெருக்கமான கதை அல்ஜீரியாவில் இருக்கிறது.

அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1953-ல் மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனான் அங்கே ப்ளிதா மனநல மருத்துவமனைக்கு வந்தார். வட ஆப்பிரிக்கர்களின் மூளையே வளர்ச்சி குறைந்தது என்று அல்ஜியர்ஸின் பிரெஞ்சு மருத்துவர்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த காலம். (அதற்கும் ஆய்வு என்றுதான் பெயர்.) ஐரோப்பியப் பெண்கள் வார்டில் விழா, சினிமா, வார்டுக்கென்று ஒரு பத்திரிகை எனத் தொடங்கினார் ஃபனான். பலன் தெரிந்தது. முஸ்லிம் ஆண்கள் வார்டிலும் அதையே செய்தார். ஒருவரும் அசையவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரிகை எதற்கு? ஃபனானுக்கு அரபு தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினார். அந்த மனிதர்கள் அதற்குமுன் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்த இடம் போலீசும் கோர்ட்டும். எப்படி வாய் திறப்பார்கள்? பிழை தங்களுடையது என்று ஃபனானும் உடன் வேலைபார்த்த மருத்துவர் ஜாக் அஸூலேயும் 1954-ல் எழுதினார்கள். பிறகு மருத்துவமனைக்குள் காப்பிக்கடை வந்தது, பெருநாள் கொண்டாட்டம் வந்தது, கதைசொல்லியும் வந்தார்.

ஜின்னைப் பற்றியும் 1956-ல் எழுதியிருக்கிறார். மக்ரெப் எனப்படும் வடமேற்கு ஆப்பிரிக்க ஊர்களில் பைத்தியத்தின் மேல் யாரும் கோபப்படுவதில்லை, அடித்தது அவனல்ல, ஜின். ஆகவே தெளிந்தபின் கூச்சமில்லாமல் அவன் பழைய இடத்தில் வந்து உட்கார முடிகிறது. ஐரோப்பிய ஊழியரோ, அடித்த நோயாளி வேண்டுமென்றே அடித்தான் என்று நினைத்துத் தண்டிப்பார்.

ஷேக்குகளுக்கு நான் நற்சான்று தரவில்லை. மொராக்கோவின் பூயா ஒமர் தர்காவில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்தார்கள். 2015-ல்தான் அரசு அவர்களை அங்கிருந்து மருத்துவமனைகளுக்கு மாற்றியது. ஏர்வாடியை மறக்காத நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நண்பரிடம் ஜின் இல்லை என்று வாதிடாதீர்கள். ஓதுவது அதுபாட்டுக்கு நடக்கட்டும், மருத்துவரிடமும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். கெய்ரோவில் அப்பாசியா மனநல மருத்துவமனை இருக்கிறது. தம்பியைக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் அன்றே ஊருக்குக் கிளம்பச் சொல்லுங்கள்.