பையைத் திறந்துவிட்டால் தாமதம் கூடாது
கடல்மீன் வளர்ப்பு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பார்சலில் வரவழைத்த ஃபயர்ஃபிஷ் (முதுகில் நீண்ட துடுப்புள்ள சிறு கடல்மீன்) 14 மணி நேரம் கழித்துக் கைக்கு வந்தது. பையில் நன்றாகத்தான் இருந்தது. தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் பைக்குள் கலந்த பிறகே மீனை விட்டேன். மூச்சிரைத்தபடியே கிடந்து, மறுநாள் காலை செத்துவிட்டது. எங்கே தவறு?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். மூடிய பையில் மீன் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, 8.2 இருந்த பிஎச் (நீரின் அமில–கார அளவு) 7-ஐ ஒட்டி இறங்கிவிடும். கழிவும் சேரும். ஆனால் பிஎச் தாழ்ந்திருக்கும்வரை அதில் பெரும்பகுதி நச்சு குறைந்த அம்மோனியமாகவே இருப்பதால் மீன் தாங்கிக்கொள்ளும். பையைத் திறந்தீர்களா, வாயு வெளியேறத் தொடங்குகிறது. சொட்டும் தொட்டி நீரும் சேர்ந்து பிஎச்சை ஏற்றுகிறது. பிஎச் ஒரு எண் ஏறினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய 10 மடங்கு. நிதானமாகச் செய்கிறோம் என்று நினைக்கும்போதே மீனின் செவுள் வெந்துகொண்டிருக்கிறது. உங்கள் அக்கறையில் குறையில்லை. சொட்டு முறை நீண்ட பயணம் செய்த மீனுக்கு ஏற்றதல்ல, அவ்வளவுதான். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்த மீனுக்கு அரை மணி நேரம் சொட்டு விடலாம்.

தொலைவிலிருந்து வரும் மீனுக்கு, பை நீரை மாற்றாதீர்கள். இறங்கப்போகும் நீரை முன்கூட்டியே மாற்றி வையுங்கள். அனுப்பும் கடையில் உப்பு எவ்வளவு என்று கேளுங்கள். உப்பைக் காட்டும் ஒப்படர்த்தி (நன்னீருக்கு 1.000) பல கடைகளில் 1.018 முதல் 1.020 வரைதான் வைத்திருப்பார்கள். உங்கள் தொட்டியில் 1.025 இருக்கும். 40 லிட்டர் தனித்தொட்டி ஒன்றைக் கடையின் அளவுக்கே கலந்து, பெரிய தொட்டியில் மூன்று நான்கு வாரம் ஊறி, அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா படிந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரை அதில் போடுங்கள்.

பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள், வெப்பம் சமமாகும். திறந்ததும் பை நீரில் ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) பாருங்கள். வித்தியாசம் 0.002-க்குள் என்றால் உடனே மீனை மாற்றுங்கள். கூடுதலென்றால், பக்கத்தில் தயாராக வைத்த ஆர்ஓ நீரையோ உப்பு நீரையோ ஊற்றித் தொட்டியைச் சரிசெய்யுங்கள். உப்பு சற்றுக் குறைவதை மீன் தாங்கும். சட்டென்று கூடுவதைத் தாங்காது. வலையில் துடுப்பு சிக்கும் என்பதால் சிறு பிளாஸ்டிக் டப்பாவால் முகந்து விடுங்கள். பை நீர் ஒரு துளிகூடத் தொட்டிக்குள் போகக்கூடாது. பிறகு நாளுக்கு 0.002 வீதம் உப்பை ஏற்றி 1.025-க்குக் கொண்டுவாருங்கள்.

அன்று முழுக்க விளக்கு வேண்டாம். ஒரு அங்குல பிவிசி எல்போ இரண்டு போட்டால் உள்ளே புகுந்துகொள்ளும். இரண்டு மூன்று நாள் ஒளிந்திருப்பது இயல்பே. எல்போ வாயிலிருந்து தலையை நீட்டி, முதுகின் நீண்ட துடுப்பை நிமிர்த்திப் படக் படக்கென்று மடக்குகிறதா, தெளிந்துவிட்டது. மைசிஸ் இறாலைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். நிறம் வெளிறி, செவுள் மூடி ஓயாமல் அடித்தால் உடனே அம்மோனியாவைச் சோதியுங்கள். நான்கு வாரம் அங்கேயே இருக்கட்டும். வெண்புள்ளி நோயைப் பெரிய தொட்டிக்குள் விட்டுவிட்டால், ஒட்டுண்ணி அழிய அங்கே 76 நாள் மீனே இல்லாமல் வைக்க வேண்டிவரும்.

மூடியை மறக்காதீர்கள். மிரண்டால் இந்த மீன் எகிறிக் குதிக்கும். 6 மில்லிமீட்டர் கண் உள்ள வலை போதும். ஆனால் ஒயர் நுழையும் ஓட்டையை அடைக்காவிட்டால் அந்த வழியாகவே வெளியே விழும்.

கேள்வி: தொட்டி அமைத்து ஐந்து வாரம். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் 0.5. முதல் மீனை விடலாமா?
– வாசகி, கோவை

பதில்: இன்னும் பொறுங்கள். கடல்நீரில் உள்ள குளோரைடு தடுப்பதால் நைட்ரைட் நன்னீரில் செய்யுமளவு தீங்கை இங்கே செய்யாது. ஆனாலும் அது இருக்கிறதென்றால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சிதைக்கும் பாக்டீரியா முழுதாக வளரவில்லை என்று பொருள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வருமளவு அம்மோனியம் குளோரைடு கலந்து பாருங்கள். 24 மணி நேரத்தில் இரண்டுமே பூஜ்யமானால் தயார். ஒரு நேரத்தில் ஒரே மீன், அடுத்ததற்கு இரண்டு வார இடைவெளி. சாதுவான மீன் முதலில், டாம்செல் போன்ற சண்டைக்கார மீன் கடைசியில். முதலில் வந்த மீன் தொட்டி முழுவதையும் தன் இடமாக்கிக்கொள்ளும்.

கேள்வி: மே மாதத்தில் தொட்டி நீர் 31 டிகிரியைத் தொடுகிறது. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்க வசதியில்லை.
– வாசகர், சென்னை

பதில்: நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஒரு சிறு ஃபேனை வையுங்கள், 2 முதல் 3 டிகிரி இறங்கும். நீர் வேகமாக ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவை ஆர்ஓ நீரால் மட்டும் தினமும் நிரப்புங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் மின்வெட்டில் முதலில் திணறுவது இந்தத் தொட்டிதான். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று சார்ஜ் ஏறியபடியே பக்கத்தில் இருக்கட்டும்.