எண்பதிலேயே தீ வைத்தவள் வில்லியா?

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 38. நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், வேலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறேன், அதனால் என் கடிதத்துக்கெல்லாம் நீங்கள் நேரம் ஒதுக்க வேண்டுமா என்றே சந்தேகமாக இருக்கிறது. பிரச்சினை ஒரு நாவலில் வரும் பெண். சிரிக்காதீர்கள்.

மூன்று வருடமாக நானும் தம்பியும் ஒரு மாயாஜால நாவல் வரிசையைப் படித்து வருகிறோம். இதுவரை ஐந்து பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். நாயகி ஒரு தானியக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அடிமைப் பெண், போகப்போகப் படைத்தலைவி ஆகிறாள். தடுக்கி விழுந்தால் ஒரு மந்திரவாதி மேல்தான் விழ வேண்டும், அப்படி ஒரு உலகம் அது. இவளுக்கோ ஒரு மந்திரமும் தெரியாது, கணக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அவளைப் பிடித்ததே அதற்காகத்தான்.

நாலாம் பாகத்தில் ஒரு பாலம் வருகிறது. எதிரிப் படை பின்னாலேயே துரத்தி வருகிறது. நகரத்துக்குள் 9,000 பேர். பாலத்தின் மேல் இன்னும் 400 பேர் ஓடி வந்துகொண்டிருக்கிறார்கள், எல்லோரும் அவளுடைய சொந்த ஆட்கள். "நூறு எண்ணும்வரை பொறுப்பேன், அதற்குள் வந்துவிடுங்கள்" என்று கத்துகிறாள். பக்கத்தில் நிற்கிற முரசுக்காரப் பையன் எண்ணுக்கு ஒரு அடியாக அடிக்கிறான். எண்பதாவது அடியில் அவள் தீவட்டியை எறிந்துவிடுகிறாள். அந்தக் கூச்சலில் வேறு யாரும் எண்ணவில்லை, எண்பது என்பது அவளுக்கும் பையனுக்கும் மட்டும்தான் தெரியும். நகரம் பிழைக்கிறது. அப்புறமும் நிறையச் செய்கிறாள், சரணடைந்த பிரபு ஒருவனை விருந்துக்குக் கூப்பிட்டுக் கழுத்தை அறுப்பது, அந்த முரசுக்காரப் பையனைப் பனிக்காலத்தில் எல்லைக் காவலுக்கு அனுப்பி அவன் அங்கேயே செத்துப்போவது, இப்படி. யுத்தம் என்றால் எல்லாம் இருக்கும்தானே.

ஐந்தாம் பாகத்தை முடித்துவிட்டு வந்த தம்பி, "அக்கா, உன் ஆளு சுத்தமான வில்லி" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஐந்து பேர் கட்டுண்டு கிடக்கும் தண்டவாளத்திலிருந்து டிராமை ஒருவன் மட்டும் கிடக்கும் தண்டவாளத்துக்குத் திருப்பலாமா என்று கேட்பார்களே, அந்தப் புதிரைச் சொன்னேன். ஒரு ஆண் இதையே செய்திருந்தால் ராஜதந்திரி, சாணக்கியன் என்று சொல்லியிருப்பாய், பெண் செய்தால் ராட்சசியா என்று கேட்டேன். மதுரையையே எரித்தவளைத் தெய்வம் என்று கும்பிடுகிறோமே, கண்ணகியும் வில்லியா என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அவளைக் கூட விடு, அவளைப் பிடிக்கிறவங்களைப் பார்த்தாதான் எனக்குப் பயமா இருக்கு" என்றான். மூன்று வாரமாக எங்களுக்குள் சரியாகப் பேச்சு இல்லை.

"இது நாவலைப் பற்றியது இல்லை, உங்களைப் பற்றியது" என்று நீங்கள் எழுதுவீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். போன வருடம் அலுவலகத்தில் என் குழுவில் இருந்த 15 பேரில் நாலு பேரை அனுப்ப வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியது நான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்த சீனியர் ஒருவரும் அந்த நாலில் வந்தார். அதற்கு ஒரு வாரம் முன்புதான் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார், "உங்க பேர் வராது சார்" என்று சொல்லியிருந்தேன். அன்றைக்குப் பட்டியல் முடிவாகவில்லை, ஆகவே அது பொய் இல்லை. அவருக்கு வேலையில் வேகம் குறைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், ஓரளவு உண்மையும்கூட. அப்புறம் இரண்டு முறை போன் செய்தார், மீட்டிங்கில் இருந்தேன். மற்ற 11 பேருக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. மறுபடி அதே நிலைமை வந்தால் அதையேதான் செய்வேன். ஒரு சொட்டு அழவில்லை.

கேள்வி நேரடியானது மேடம். அவள் வில்லியா? அவள் வில்லி என்றால் நான் யார்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி


அன்புள்ள தோழிக்கு,

சிரிக்கவில்லை. கதையில் வருகிறவர்களுக்காக வீட்டில் பேச்சு நின்றுபோவது நீங்கள் நினைப்பது போல அபூர்வம் ஒன்றும் இல்லை. நான் எழுதப்போவதை நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிட்டதால் எனக்குப் பாதி வேலை மிச்சம், ஆகவே நாயகியையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

பாலத்தை எரித்ததற்காக அவளை வில்லி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவள் கணக்கு சரி என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? எழுத்தாளர் அடுத்த பக்கத்தில் எதிரிப் படையைக் கரையில் கொண்டுவந்து நிறுத்தியதால் தெரிந்தது. வேறு வழி இருந்திருக்கக்கூடிய கதவுகளை எல்லாம் அவர் ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டு, ஒரே ஒரு கதவை மட்டும் திறந்துவைத்து, அவளை அதன் வழியாக நடக்கச் சொல்கிறார். நீங்கள் சொன்ன டிராம் புதிரும் இப்படித்தான். 1967இல் பிலிப்பா ஃபுட் என்ற தத்துவப் பேராசிரியை முதலில் அதை எழுதியபோதே அந்தத் தண்டவாளத்தில் ஐந்து, இந்தத் தண்டவாளத்தில் ஒன்று, திருப்பாவிட்டால் ஐவரும் சாவார்கள் என்று எல்லாவற்றையும் நிச்சயமாகச் சொல்லிவிட்டுத்தான் கேள்வியைக் கேட்டார். நிஜத்தில் அந்த உத்தரவாதத்தை யாரும் தருவதில்லை. ஈவிரக்கமில்லாத நாயகியைப் பார்த்து நாம் மயங்குவதில் பாதி, அவளுக்குக் கிடைத்திருக்கிற அந்த நிச்சயத்தின் மேல் வருகிற ஆசை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சந்தேகமே இல்லாமல் ஒரு காரியத்தை முடிக்கிற சுகம் நமக்கெல்லாம் எங்கே வாய்க்கிறது.

அப்புறம் அந்த எண்பது. நூறு என்று சொல்லிவிட்டு ஏன் எண்பதில் எறிந்தாள்? பயமா, எதிரி நினைத்ததைவிட வேகமாக வந்துவிட்டானா? எண்பதுதான் சரியாகக்கூட இருந்திருக்கலாம். இருந்தாலும் மிச்ச இருபது முரசடிக்குள் கடந்திருக்கக்கூடியவர்கள் அந்த நெருப்பில் இருந்தார்கள், அவர்கள் ஓடியது அவள் சொன்ன நூறை நம்பி. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவவாதி ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, ஆனால் குறுக்கே வந்த குழந்தைமேல் வண்டி ஏறிவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும் மனம் பதறும், ஆனால் ஓட்டியவருக்கு அது வேறு மாதிரி இருக்கும், இருக்க வேண்டும். "என் தப்பு இல்லையே" என்று அவர் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் நமக்கு அவரைப் பற்றி என்னவோ போல் ஆகிவிடும். மைக்கேல் வால்சர் என்ற அரசியல் தத்துவவாதி 1973இல் எழுதிய கட்டுரை ஒன்றும் இதையேதான் அரசியல்வாதிகளை வைத்துப் பேசுகிறது. கையைக் கறையாக்கிக்கொள்ளாமல் ஆட்சி நடத்த முடியாத நேரங்கள் வரும், அப்போது நல்லவனை அடையாளம் காண ஒரே வழி, தன் கையில் கறை இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருப்பதுதான் என்கிறார். உங்கள் நாயகிக்கு அது தெரியுமா? ராத்திரியில் அவள் எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று எண்ணிப் பார்க்கிறாளா? அப்படி ஒரு இடம் அந்த ஐந்து பாகத்தில் இருந்தால் என் பதில் ஒன்று, இல்லாவிட்டால் வேறு.

இப்போது நீங்கள் அரை வரியில் தாண்டிப்போன இடத்துக்கு வருகிறேன். விருந்துக்கு வந்த பிரபுவை விட்டுவிடுவோம், அவனைப் பற்றி நீங்கள் போதுமான அளவு சொல்லவில்லை. முரசுக்காரப் பையன். எண்பது என்பது தெரிந்த ஒரே ஆள். அவனைப் பனியில் எல்லைக்கு அனுப்பியதால் எந்த நகரம் பிழைத்தது? யாருக்கு வேலி போட்டது அந்த உத்தரவு? பாலத்தில் அவள் போட்ட கணக்கில் ஊர் இருந்தது, இங்கே இருப்பது அவள் பெயர் மட்டும். அதே முகம், அதே குரல், "வேறு வழியில்லை" என்ற அதே வசனம், அதனால்தான் வாசகர்களுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரிந்துவிடுகிறது. பாலத்தில் நான் உங்கள் கட்சி. பையன் விஷயத்தில் தம்பி கட்சி. வில்லி என்ற சொல்லை நான் வைப்பதாக இருந்தால் அங்கேதான் வைப்பேன்.

ஆண் செய்தால் ராஜதந்திரம் என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டுமானால் அந்த ஆண்களையும் அவர்கள் செய்ததற்குரிய பெயரால் கூப்பிட ஆரம்பிக்கலாம், இவளுக்கும் அதே சலுகையைக் கொடுக்க வேண்டியதில்லை.

கண்ணகியை இழுத்தீர்களே, அவள் அத்தனை கோபத்திலும் நெருப்பிடம் யார் யாரைத் தொடக்கூடாது என்று ஒரு பட்டியல் சொல்லித்தான் அனுப்பினாள், முதியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்து. அந்தப் பட்டியலில் எனக்கும் சண்டைபோட இடம் இருக்கிறது, அது வேறு கதை. ஆனால் அந்தக் காப்பியத்தில் உங்கள் நாயகிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவன் பாண்டியன். பொற்கொல்லன் சொன்னதை நம்பி, விசாரிக்காமல், ஒரு அவசர உத்தரவு போட்டான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் "எனக்குத் தவறான தகவல் கொடுத்துவிட்டார்கள்" என்று சொல்ல அவனுக்கு எல்லா வசதியும் இருந்தது. அவன் சொன்னது "யானோ அரசன், யானே கள்வன்". கோவலனுக்குப் போட்ட பெயரை எடுத்துத் தனக்கே போட்டுக்கொண்டான். உங்களை யாரும் அரியணையிலிருந்து விழுந்து உயிரை விடச் சொல்லவில்லை. அந்தப் பெயர் கை மாறுகிறதே, அதை மட்டும் பாருங்கள்.

சரி, இனி உங்கள் அலுவலகம். நாலு பேரை எழுதியது சரியா தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை, எண்ணிக்கையை முடிவு செய்தது நீங்கள் இல்லை, யாராவது ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும். அழாததை வைத்தும் நான் எதுவும் முடிவு கட்டமாட்டேன். சிலருக்கு அழுகை வராது, சிலருக்கு இரண்டு வருடம் கழித்து சம்பந்தமே இல்லாத இடத்தில் வரும், நாவல் சண்டையில் கோபமாகவும் வரும். என்னை நிறுத்தியது ஒரே ஒரு வாக்கியம்: "வேகம் குறைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்." எப்போது சொன்னீர்கள்? பட்டியலுக்கு முன்பா, பிறகா? முன்பு என்றால் அது மதிப்பீடு. பிறகு என்றால், தோழி, அது முரசுக்காரப் பையன்.

இது உங்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். கெய்த் டேவிஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1960இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களை, முன்பின் தெரியாத இன்னொரு மாணவனைப் பற்றி அவன் காதுபடவே மட்டமாகப் பேச வைத்தார்கள். பேசலாமா வேண்டாமா என்பது தங்கள் விருப்பம் என்று நினைத்தவர்களுக்கு, பேசி முடித்த பிறகு அவன்மேல் இருந்த மதிப்பே இறங்கிவிட்டது. மனிதனைப் புண்படுத்திவிட்டு "நான் நல்லவள்தான்" என்றும் நினைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அவன் அதற்குத் தகுந்தவன் என்று ஆக்கிக்கொள்வதுதான் சுலபமான வழி. ஆனால் பிறகு அவனைச் சந்தித்து நடந்ததை விளக்க வாய்ப்பு உண்டு என்று தெரிந்தவர்களிடம் இந்த இறக்கம் வரவில்லை. நீங்கள் எடுக்காத அந்த இரண்டு போன் அழைப்பும் உங்களுக்கு அந்த வாய்ப்பாக இருந்திருக்கும்.

ஆகவே கூப்பிடுங்கள். காரணங்களை அடுக்காதீர்கள், மன்னிப்பும் கேட்டு நிற்காதீர்கள், கேட்டால் மன்னிக்க வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழும். "படிக்கட்டில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சார், உங்க பேரை எழுதினது நான்தான்" என்று சொன்னால் போதும். அன்றைக்கு அது பொய் இல்லை என்கிறீர்கள், ஆனால் பட்டியல் முடிவாகவில்லை என்றால் "வராது" என்பதற்குப் பதில் "இன்னும் தெரியாது சார்" என்பதுதானே பதில். அவர் திட்டலாம், வைத்துவிடலாம், அது அவர் இஷ்டம். அதைவிடக் கஷ்டமான காரியம், வேகம் குறைந்துவிட்டது என்று யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம் போய் அதை மாற்றிச் சொல்வது. அவர் புது வேலைக்கு முயற்சி செய்யும்போது யாராவது உங்கள் குழுவில் விசாரித்தால், அந்த ஒரு வரிதான் அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

தம்பி விஷயத்தில் நீங்கள் எனக்கு ஒன்றைச் சொல்லவில்லை. இந்த அலுவலகக் கதை அவனுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் அவன் பயம் என்று சொன்னது நாவலைப் பற்றி இல்லை, அதை அவனிடமே கேட்டுவிடுங்கள். தெரியாது என்றால் இந்தக் கடிதத்தில் எழுதியது போலவே அவனிடமும் சொல்லலாம். முரசுக்காரன் எல்லையில் சாகிற அத்தியாயத்தை அவன் எப்படிப் படித்தான் என்று கேளுங்கள். மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டுப் பேச்சைத் தொடங்க அது ஒரு நல்ல இடம்.